ஒரு மணித்தியாலப் பறப்பு

தலைமன்னாரிலிருந்து மன்னாருக்குப் போகும் காலை பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த ஒரு வயதான அம்மா பக்கத்திலிருந்த மீனவரிடம் சொன்னார்:

"ராமேஸ்வரத்திலை தங்கச்சி தவறிட்டா. அங்கைதான் போறன்."

"என்ரை வள்ளத்திலை ஒண்டரை மணித்தியாலம். ஆனால் நேவி பிடிச்சுப்போடும்."

"அதுதான் பிளேனிலை போறன். பலாலியிலையிருந்து திருச்சிக்கு ஒரு மணித்தியாலம்தானாம்."

"பலாலிக்கு?"

"மன்னாரிலை யாழ்ப்பாண பஸ் எடுக்கோணும். திருச்சியிலை இறங்கித் திரும்பவும் பஸ். நாளைக்கு விடியத்தான் போய்ச் சேருவன்."

"அடக்கம் எப்ப?"

"இண்டைக்குப் பின்னேரம்."

மீனவர், "முந்தி ஒருக்காலும் போகேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை. கிட்டத்தானே, எப்பவும் போகலாம் எண்டு இருந்திட்டன்."