இமையோரம்

— கண்ணத் திறக்காதீங்கப்பா. இன்னும் ரெண்டு நிமிஷம்.

— சுடுது, கிர்ஸ்டன். மூஞ்சிய வேக வச்சிருவ போலிருக்கே.

— சூடு இருந்தாத்தான் இமையில அடைச்சுக் கெடக்குற எண்ணெய் இளகும். கண் டாக்டரம்மா சொன்னப்ப நீங்க காதுலயே வாங்கல.

— ஹூம். என்னமோ பூச்சின்னாங்க. எஸ்பியர் துறைமுகத்துல நாப்பது வருஷம் படகு ஓட்டினவன் நான். குளிக்காம ஒரு நாள் படுத்ததில்ல. எனக்குப் பூச்சியாம்!

— அழுக்கால வர்றதில்லப்பா. இமைமுடி வேர்ல எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு இருக்குமாம். வயசானா பெருகிடுதாம். உங்க முடி ஒண்ணப் புடுங்கி மைக்ராஸ்கோப்புல காட்டினாங்க. நாலு நெளிஞ்சுது.

— துணைக்கு நாலு உசுராவது இருக்கேன்னு வச்சுக்க.

— இப்படிப் பேசாதீங்க. துணிய எடுத்துட்டேன், மூடியே இருங்க, ஓரமாத் துடைக்கிறேன். அடக் கடவுளே, பொடுகு மாதிரி உதிருது. மூணு மாசம் இதோடயா கெடந்தீங்க?

— திறந்தா மணல அள்ளிப் போட்ட மாதிரி அறுக்கும். அதான் மூடிக்கிட்டுப் படுத்துருவேன். இந்த முதியோர் இல்லத்துல வேலை செய்யுற பொண்ணுங்க, கெழவன் தூங்குறான்னு விளக்க அணைச்சுட்டுப் போயிருவாங்க.

— வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?

— சொல்லி என்ன ஆகப்போவுது. தோர்பென் ஏன் வரல?

— தம்பியா... படகு ஐஸ்லாந்துப் பக்கம் போயிருக்குப்பா.

— இந்தக் குளிருலயா?

— மீனு அங்கதான் இருக்காம்.

— ஒரு போன் பண்ண முடியலையா அவனுக்கு?

— நடுக்கடல்ல எங்கப்பா சிக்னல் கெடைக்கும்? தலைய ஆட்டாதீங்க, மருந்து கண்ணுக்குள்ள போயிரும்.

— ஏன் இப்படி அவசர அவசரமாத் துடைக்கிற?

— தண்ணி ஆறிப்போச்சு. முடிஞ்சுதுப்பா. இனிமே காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை துடைக்கணும். தலகாணி உறையக் கொதிக்கிற தண்ணியில போடச் சொல்லிட்டுப் போறேன். மெதுவாத் திறங்க. நான் தெரியுறேனா?

— தெரியுது. ரொம்ப எளைச்சுட்டம்மா. மூணு வாரம் முன்னாடி கறுப்புக் கோட்டோட வந்து, இதே கட்டில்ல உக்காந்து, ‘தம்பியப் பொதைச்சுட்டு வர்றேன்பா’ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதியே... அன்னைக்கு நான் தூங்கல.