மருந்தென்று நான் பூசிய எண்ணெய்

தலைமையேற்றிருக்கும் கால்நடை மருத்துவர் அம்மையார் அவர்களே! முன்வரிசை மூத்தோர்களே! மடியில் குட்டிகளைக் கிடத்திக் காத்திருக்கும் தாய்மார்களே! வாலாட்டி வந்திருக்கும் வாயில்லா விருந்தினர்களே! வணக்கம்.

நாய்களின் தோல்நோய் முகாமில் பேச வந்திருக்கும் நான் மருத்துவம் படித்தவனா? இல்லை. லாரி மெக்கானிக். தொழிற்சங்க மேடைகளில் முழங்கியவன், இன்று குற்றவாளியாக நிற்கிறேன்.

என் பட்டறையில் செம்பட்டை நிறத்தில் ஒரு பெண் நாய் இருந்தாள். எந்த வண்டி வந்தாலும் சக்கரம் சக்கரமாக மோந்து பார்ப்பாள். அதனால் அவளுக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். சிரிக்கிறீர்கள், நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

ஒரு மழைக்காலத்தில் சொறியத் தொடங்கினாள். வாலடியில் முடி உதிர்ந்தது, வயிறெங்கும் சீழ்க்கொப்புளம். பக்கத்தில் நிற்க முடியாத வாடை.

“பாக்கவே பாவமா இருக்குங்க. டாக்டர்கிட்ட ஒரு எட்டு கூட்டிட்டுப் போங்க” என்றாள் என் மனைவி. கேட்டேனா?

“இதுக்கெல்லாம் டாக்டரா? பழைய இஞ்சின் ஆயிலைப் பூசினா எல்லாம் பறந்துடும், போ!” என்றேன்.

பூசினேன். காது முதல் கால் வரை பூசினேன். எரிந்ததே, ஓடினாளா? துடித்தாளே, கடித்தாளா? நான் தடவிக்கொடுக்கிறேன் என்று நம்பி வாலை ஆட்டினாள், ஐயா!

மறுநாள் முழுவதும் உடம்பை நக்கினாள். பிறகு வாந்தி. மூன்றாம் நாள் எழ முடியவில்லை. அள்ளிக்கொண்டு இந்த அம்மையாரிடம் ஓடினேன். எண்ணெயைக் கழுவினார், ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார்.

“என்னண்ணே பூசினீங்க?”

சொன்னேன்.

“தெள்ளுப்பூச்சி கடிச்சுச் சொறிஞ்ச இடத்துல கிருமி சேர்ந்திருக்கு, அவ்வளவுதான். மாத்திரையும் மருந்துக் குளியலுமா நாலு வாரத்துல ஆறியிருக்கும்ணே. நீங்க பூசினது விஷம். நக்கி நக்கி உள்ள போயிடுச்சு.”

அன்று மாலை, என் முழங்கையில் தலை சாய்த்தபடியே அவள் அடங்கிவிட்டாள்.

என்ன சொல்கிறீர்கள் அம்மா? “தெரியாமத்தானே செஞ்சீங்க” என்றா? ஆம், தாயே, தெரியாமல் செய்தேன். ஆனால் தெரிந்தவரிடம் கேட்கவிடாமல் என்னைத் தடுத்தது எது? என் அகந்தை! அவள் மேல் எனக்கு அன்பில்லையா? அளவற்று இருந்தது. அந்த அன்புதான், அறியாமையோடு கைகோத்து, அவளைக் கொன்றது!

ஆகவே கெஞ்சுகிறேன். முதல் முடி உதிரும்போதே மருத்துவரிடம் வாருங்கள். தோலைச் சுரண்டிப் பார்த்து நோய் எதுவென்று அவர் சொல்லட்டும். புண் ஆறியதுபோல் தெரிந்தாலும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். தெள்ளுக்கு மருந்து தவறக் கூடாது. படுக்கும் துணியை வெந்நீரில் அலசுங்கள். நாய் நனைந்து வந்தால் விரலிடுக்கு வரை துவட்டுங்கள். “வலிக்கிறது” என்று சொல்ல அதற்கு வாயில்லை. நமக்குக் கண் இருக்கிறதே!

அதோ, நாய்களைக் குளிப்பாட்டும் தொட்டியருகே ஆள் போதவில்லையாம். மருந்து நுரை பத்து நிமிடம் ஊறும்வரை நாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் அங்கே போகிறேன். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்.