குட்டிக்கு ஏழடிக் கட்டில்

இல்லண்ணே, உங்க காதுல ஒண்ணும் கோளாறு இல்ல. கட்டில் ஏழடின்னுதான் சொன்னேன். கொஞ்சம் கூடப் போனாலும் பரவால்ல, குறைச்சிடாதீங்க.

யாருக்கா? எங்க நாத்தனாருக்கு. வீட்டுக்காரரோட தங்கச்சி. ஆறடி மூணு இஞ்ச். வீட்ல அவளைக் கூப்பிடுற பேரு என்ன தெரியுமா? குட்டி. சிரிங்க சிரிங்க, கேக்குற எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. பொறந்தப்போ அவ்வளவு சின்னதா இருந்தாளாம். பேரு ஒட்டிக்கிச்சு, ஆளு பாட்டுக்கு வளந்துட்டா.

அதுவா, முன் ரூம்ல கத்துறது அவர்தான். டிவி பாக்குறார். குட்டிக்கு இன்னிக்கு ஆட்டம். கூடைப்பந்து. பொழுதுபோக்கா ஆடுறது இல்லண்ணே, அவளுக்கு அதான் வேலையே. வெளிநாட்டுல ஒரு கிளப்பு. வருஷா வருஷம் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தர்றாங்க. பந்து போடுறதுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களான்னு எங்கம்மாவே கேட்டவங்கதான், நீங்க கேட்டா என்ன தப்பு.

நானா? நான் பாக்கலை. டிவி பாத்தா தலை வலிக்கும் எனக்கு. நீங்க பாட்டுக்கு மரத்த அறுங்க, நான் சும்மா இப்படி நின்னு பேசிட்டிருக்கேன். இடைஞ்சலா இருந்தா சொல்லிடுங்க.

நான் கல்யாணமாகி வந்தப்போ அவ ஏழாவது படிச்சா. மாமியார் எப்பவோ போயிட்டாங்க. மாமனார் இருந்தும் இல்லாத கணக்கு. ஆக, வந்த உடனே எனக்கு ஒரு பொண்ணு, அதுவும் என்னைவிட உசரமா. கல்யாண போட்டோல அவளை மட்டும் தரையில உக்கார வச்சிருப்பாங்க. கல்யாணப் பொண்ணைவிடப் பெருசாத் தெரியுதேன்னு போட்டோக்காரர் பண்ண வேலை. பாவம், அதுக்குக்கூட மூஞ்சி கோணாம உக்காந்திருக்கா.

எப்பவும் கூன் போட்டுத்தான் நடப்பா. பஸ்ல கடைசி சீட்டு, கிளாஸ்ல கடைசி பெஞ்சு. செருப்புக் கடைக்குப் போனா பொம்பளைங்க செருப்பு ஒண்ணுகூடக் காலுக்குள்ள போகாது. ஆம்பளைச் செருப்புல நான் ஒரு துணிப் பூ வச்சுத் தச்சுக் குடுத்தேன். ரொம்ப நல்லாருக்கு அண்ணின்னு சொல்லிட்டு, பாத்ரூமுக்குள்ள போய்த் தண்ணியத் திறந்துவிட்டு அழுதா. எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு.

அப்புறம் ஸ்கூலுக்கு ஒரு விளையாட்டு டீச்சர் வந்தாங்க. இவளக் கூட்டிட்டுப் போய்க் கூடைக்கு அடியில நிறுத்தி, உனக்கு ஒண்ணும் தெரிய வேணாம், கையத் தூக்கிட்டு நில்லு போதும்னாங்களாம். எதிர்ப்பக்கப் பிள்ளைங்களால ஒரு பந்துகூடப் போட முடியலை. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குள்ள வந்தவ நிலைப்படியில மடார்னு நெத்திய இடிச்சுக்கிட்டா. எனக்கு ஒரே சந்தோஷம். ஏன்னு கேளுங்க. அதுவரைக்கும் இடிச்சதே கிடையாதுண்ணே, குனிஞ்சேதானே வருவா. அன்னிக்குத்தான் நிமிந்து வந்திருக்கா.

அதோட பிடிச்சா பாருங்க, விடவே இல்ல. ஸ்கூல் டீமு, காலேஜ் டீமு, அப்புறம் வெளிநாட்டுல இருந்தே ஆள் வந்து பாத்துட்டுப் போனாங்க. போன புதுசுல ஆடவே விடலை. போன் பண்ணி, அண்ணி, தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கத்தான் என்னை இவ்ளோ தூரம் வரவழைச்சாங்க போலன்னுவா. ஒரு நாள் வேறொருத்திக்குக் கால் பிசகிடுச்சு, இவள எறக்கினாங்க. அதுக்கப்புறம் உக்கார வைக்கலை. கேப்டனாவும் இருந்தா. விரல் பிசகினா அவளே ஒரு இழு இழுத்து நேராக்கிட்டுத் திரும்ப ஓடுவா. டிவில அதப் பாத்துட்டு எனக்குத்தான் கை வலிக்கும்.

என்ன, பேரு இருக்கு, ஆனா இருக்கிறது ஒரே ரூமு. அங்க இருக்கிற கட்டிலும் பத்தாது. கால்மாட்டுல சூட்கேஸப் போட்டு அதுமேல காலை நீட்டிக்குவாளாம். அதான் இவர், அவ சீசன் முடிஞ்சு வர்றதுக்குள்ள அவளுக்குன்னு ஒரு கட்டில் இருக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார்.

கல்யாணமா? முப்பத்திரண்டு ஆச்சு. ஒருத்தர் வந்தார். இவ வந்து எதிர்ல நின்னதும் மனுஷன் எந்திரிக்கவே இல்ல. கிளம்பணும்னா எந்திரிச்சுத்தானே ஆகணும்? இவ உள்ள போற வரைக்கும் உக்காந்தே இருந்தார். நாங்க ரெண்டு பேரும் அடுப்படியில வாயப் பொத்திட்டுச் சிரிச்சோம்.

பாத்தீங்களா, மறுபடியும் கத்துறார். பந்து போட்டுட்டாபோல.

அதே கிளப்பா? இல்லண்ணே, இது வேற. சின்னக் கிளப்பு. பழைய இடத்துல இந்த வருஷம் எடுக்கலை. ஆட்டம் நல்லாத்தான் ஆடினா. அவங்க டாக்டர் வேணாம்னுட்டார். நெஞ்சுல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழா உப்பியிருக்காம்.

மெதுவாப் பேசுங்க. அவருக்குத் தெரியாது.

லீவுல வந்தப்போ, கடைக்குப் போலாம் வாங்க அண்ணின்னு கூட்டிட்டுப் போனா. போனது ஸ்கேன் எடுக்கிற இடம். இன்னொரு டாக்டர் வேற மாதிரி சொல்லிடுவார்னு ஒரு ஆசை. அவரும் அதையேதான் சொன்னார். சைக்கிள் டியூப்ல ஒரு இடம் மட்டும் புடைச்சுக்கிட்டு நிக்குமே, அந்த மாதிரி. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. ஆபரேஷன் பண்ணிக்கலாம், ஆனா ஆட்டம் அதோட சரி. அவ உசரத்துக்கும் இதுக்கும் காரணம் ஒண்ணேதானாம், பொறப்புலயே இருக்கிறதாம்.

வெளிய பெஞ்சுல உக்காந்து கெஞ்சினேன். கால்ல விழாத குறை. ஒரே ஒரு சீசன் அண்ணி, அப்புறம் எங்க வேணா அறுத்துக்கட்டும்னா. அப்புறம் என்னையே பாத்துட்டு, இந்த உசரத்த வச்சுக்கிட்டு நான் வேற எங்க போய் நிக்கிறதுன்னு கேட்டா.

இந்தப் புதுக் கிளப்புல முட்டிய மடக்கச் சொல்லிப் பாத்தாங்களாம், பிரஷர் பாத்தாங்களாம். அவ்வளவுதான், சேத்துக்கிட்டாங்க.

அவர்கிட்டச் சொல்லலாம்தான். போய் இழுத்துட்டு வந்துடுவார். அண்ணன் காதுக்குப் போச்சுன்னா உங்களுக்கு நான் இல்லன்னு நெனச்சுக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. சொன்னாச் சொன்னபடி செய்றவ. அவள நான்தான் வளத்தேன், எனக்குத் தெரியாதா. சொன்னாலும் போயிடுவா, சொல்லாட்டியும்... நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்? வேற யார்கிட்டயும் வாயத் திறக்க முடியலைண்ணே. நீங்க நாளைக்கு வேற வீட்டுக்கு வேலைக்குப் போயிடுவீங்க.

அவ ஆட்டம் வந்தாலே இப்படித்தான், பின்கட்டுல வந்து நின்னுடுவேன். கண்ணால பாக்குற தைரியம் இல்ல. அவர் கத்துறார்னா அவ ஓடிட்டிருக்கான்னு அர்த்தம்.

அண்ணே, ஒரு நிமிஷம் அறுக்கிறத நிறுத்துங்க.

சத்தத்தையே காணோமே.

நிறுத்துங்கண்ணே, கேக்க மாட்டேங்குது.

ஆங்... வந்துடுச்சு. நடுவரத் திட்டுறார். திட்டட்டும். நல்லாத் திட்டட்டும். நீங்க அறுங்க.