ஒன்பதாக்கப்பட்ட எட்டு

தஞ்சாவூர் கீழவாசலில் குடியிருக்கும் சாமிதுரை மகள் பிரதீபா, வயது 38, ஆகிய நான் விசாரணையில் கொடுக்கும் வாக்குமூலம்.

எனக்குச் சொந்த ஊர் நன்னிலம் பக்கம். தகப்பனார் விவசாயக் கூலி. நான் வரலாற்றில் முதுகலை படித்துவிட்டு, பதினோரு வருடங்களாகப் பழைய நாணயங்களைப் பார்த்துத் தரமும் மதிப்பும் எழுதிக் கொடுத்து வருகிறேன். கடைசி நான்கு வருடங்களாக, நாணய ஏலம் நடத்தும் ராஜசேகர் என்பவருக்கு இந்த வேலையைச் செய்து வந்தேன்.

கடந்த ஜனவரியில் மேற்படி ராஜசேகர் 1939ஆம் வருட வெள்ளி ரூபாய் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்த வருட ரூபாய் மிகவும் அரிது, அதற்கு முந்தைய வருட ரூபாய் சாதாரணமாகக் கிடைப்பது. எடையும் வெள்ளியும் சரியாக இருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, 1938 என்பதிலுள்ள எட்டின் கீழ்ச்சுழியில் இடப்பக்கத்தைச் சுரண்டி அதை ஒன்பதாக்கியிருப்பது தெரிந்தது. சுரண்டிய இடம் லேசாகக் குழிந்து, பளபளப்பும் மாறியிருந்தது. ஆகவே "வருடம் திருத்தப்பட்டது, ஏலத்துக்கு ஆகாது" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு 16.02.2025 ஞாயிறு காலை பத்து மணியளவில் ஏலம் நடந்த கல்யாண மண்டபத்துக்குப் போனேன். வாசலில் நாகப்பட்டினம் காயாரோகணம் என்பவர் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். அவர் விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவர், வெள்ளி ரூபாய் சேர்ப்பவர்.

"இருபது வருஷமா இந்த முப்பத்தொன்பது ஒண்ணுதாங்க கிடைக்கல. படகுல இருந்த பங்க வித்துட்டு வந்திருக்கேன். புக்குல உங்க பேரு போட்டிருந்துச்சு, அதான் யோசிக்காம வந்துட்டேன்" என்றார்.

ஏலப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அந்த ரூபாயின் படத்துக்குக் கீழே, "அசல். மிக நல்ல தரம். பரிசோதித்தவர் பிரதீபா" என்று அச்சாகியிருந்தது.

உடனே உள்ளே போய் ராஜசேகரிடம் என் பெயரை எடுக்கச் சொன்னேன். "அந்தப் பேர நாலு பேருக்குத் தெரிய வெச்சதே நான்தாம்மா. போய் உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை, சுவரோரமாக நின்றேன்.

அதன் பிறகு பதினொன்றரை மணியளவில் மேற்படி ரூபாய் ஏலத்துக்கு வந்து, கேட்கும் விலை ஏறிக்கொண்டே போனது. காயாரோகணம் தன் எண் அட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் மேடையேறி, தட்டிலிருந்த ரூபாயை எடுத்துக்கொண்டு, மைக்கில், "இது முப்பத்தெட்டு. சுரண்டி முப்பத்தொன்பது ஆக்கியிருக்காங்க. நான் இத அசல்னு எழுதல" என்று சொன்னேன். ராஜசேகர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். வளையல் உடைந்தது. நான் கையைத் திறக்கவில்லை.

அதன் பிறகு மண்டபத்திலிருந்து எங்கும் நிற்காமல் நடந்தே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, ரூபாயை மேசைமேல் வைத்தேன். என் பின்னாலேயே வந்த காயாரோகணம் என்னிடம் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, அந்த ஒன்பதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

நான் ரூபாயைத் திருடியதாக ராஜசேகர் புகார் கொடுத்திருப்பதாகவும், மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் அதைத் திரும்பப் பெறுவார் என்றும் என்னிடம் சொல்லப்பட்டது. நான் கடிதம் கொடுக்க மாட்டேன். இனி எந்த ஏலக்காரரும் என்னைக் கூப்பிட மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஜனவரியில் நான் எழுதிய குறிப்பின் நகலை இத்துடன் ஒப்படைக்கிறேன். அவரிடம் அதன் மூலத்தைக் கேட்டு வாங்கும்படி கோருகிறேன்.

இந்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. "பதற்றத்தில் ரூபாயை எடுத்துவிட்டேன்" என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை, பதற்றத்திலும் இல்லை. அதை அடித்துவிட்டு "தெரிந்தே எடுத்தேன்" என்று எழுதச் சொன்னேன். முதலில் மறுக்கப்பட்டு, பிறகு அவ்வாறே எழுதப்பட்டது. மற்றதெல்லாம் நான் சொன்னபடி இருக்கிறது, நான் சொன்னதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)
சா. பிரதீபா