பதினாலாம் கட்டிலுக்கு வராத சிக்னல்

நெட் மெதுவாக வருகிறது என்று யாராவது என்னிடம் குறைப்பட்டால், வைஃபை பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேர் டிவிக்குப் பின்னால் என்பார்கள். சிலர் அலமாரிக்குள். ஒரு வீட்டில் சாமி படங்களோடு சேர்த்து வைத்து அதற்கும் மாலை போட்டிருந்தார்கள். வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள், பாதித் தொல்லை தீர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு வருவேன். நீயும் ஜன்னலுக்குக் கீழே தரையில்தான் வைத்திருக்கிறாய், செல்வலட்சுமி. விட்டுவிட்டு வருகிறது, வந்து பாருங்கள் என்று போன வாரம் நீ கூப்பிட்டது அதற்காகத்தான். நான் பையைத் திறப்பதற்குள் நீ அழ ஆரம்பித்துவிட்டாய். அதனால் சொல்லவில்லை.

இதை உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். நான் மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், தமிழைவிட அதுதான் கைக்கு வரும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நாளைக் காலையில் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கப்போவதை மலையாளத்தில் தனியாக எழுதி வைத்துவிட்டேன். நீ உசிலம்பட்டியிலிருந்து வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது, அதை உன்னால் படிக்க முடியாது. வேறு யாரோ படித்துச் சொல்லி நீ கேட்பதைவிட, நானே சொல்வதுதான் மரியாதை என்று பட்டது.

அன்று நீ சொன்னது இது. "நான் கஞ்சி வாங்கப் போகாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாருண்ணே." ஒன்பது மாதமாக நீ இதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. செய்யாத தப்புக்கு ஒருவர் மருகுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். மால், ஹோட்டல், ஆஸ்பத்திரி என்று கூட்டம் நிறைந்த கட்டடங்களில் எங்கே எத்தனை வைஃபை பெட்டி வைக்கவேண்டும் என்று அளந்து சொல்பவன். கையில் லேப்டாப்பைத் திறந்து பிடித்துக்கொண்டு கட்டடம் முழுக்க நடப்பேன். நடக்க நடக்கத் திரையில் வரைபடம் நிறம் பிடிக்கும். சிக்னல் நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், இல்லை என்றால் சிவப்பு. ஆள் இல்லாத நேரத்தில் அளந்துவிட்டுப் போகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. எனக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அது சிக்னலைக் குடித்துவிடும். ஒரு வராந்தாவில் நாற்பது பேர் நின்றால் என் கணக்கில் அது ஒரு சுவர். வருஷக்கணக்கில் இப்படியே பார்த்துப் பழகிவிட்டேன்.

கொச்சங்காடியில் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் கட்டடம் முன்பு மிளகு கோடவுன். இரண்டடி கனத்தில் வெட்டுக்கல் சுவர். மூன்றாம் மாடியில் இருதய நோயாளிகளுக்குப் பதினாறு கட்டில்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு சின்னக் கருவி தொங்கும், உன் அப்பா கழுத்தில் தொங்கியதுபோல. அது நெஞ்சுத் துடிப்பை வைஃபை வழியாக நர்ஸ் மேஜைத் திரைக்கு அனுப்பும். திரையில் கட்டிலுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு பச்சைக் கோடு. சிக்னல் போனால் கோடு மறைந்து கட்டம் சாம்பல் நிறமாகிவிடும்.

சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை பார்வையாளர் நேரம். அப்போது வராந்தா நிறைந்து, மாற்றி மாற்றிச் சாம்பல் வரும், ஓரிரு நிமிடத்தில் தானே சரியாகும். நர்ஸ்கள் ஒவ்வொரு தடவையும் ஓடுவார்கள். போய்ப் பார்த்தால் நோயாளி ஆரஞ்சு தின்றுகொண்டிருப்பார். கால் வலிக்கிறது என்று அவர்கள் என்னிடம் அழாத குறை. அதனால் நான் ஒரு காகிதத்தில் எழுதி, லேமினேட் செய்து, மேஜையில் ஒட்டினேன்: "கட்டம் சாம்பலானால் நெட் கோளாறு. ஓட வேண்டாம். சங்கர்ராமைக் கூப்பிடவும்." கீழே என் நம்பர். அன்றிலிருந்து யாரும் ஓடவில்லை. மஞ்சுஷா என்ற நர்ஸ் எனக்கு வீட்டிலிருந்து கப்பக்கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து கொடுத்தாள்.

காகிதம் ஒட்டினால் வைத்தியம் ஆகாது என்று எனக்கும் தெரியும். மூன்று வாரம் பார்வையாளர் நேரத்திலேயே அளந்து ஒரு பிளான் போட்டேன். அந்த மாடிக்கு மட்டும் பதினொரு புதுப் பெட்டிகள். என் வேலையில் அதைவிட நல்ல பிளான் நான் போட்டதில்லை. மேனேஜர் சுஜித் சார் அதை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார். "சங்கர்ராமே, இது ஆஸ்பத்திரியாணு, ஏர்போர்ட் அல்ல. பதினாலின்றெ வாதில்கல் ஒரெண்ணம் மதி" என்றார். பதினாலாம் கட்டில் வாசலில் ஒன்று வைத்தால் போதுமாம். என் அப்பா முனிசிபாலிட்டியில் சாக்கடை அடைப்பு எடுத்தவர், அது அங்கே எல்லாருக்கும் தெரியும். சுஜித் சார் சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார், "அச்சன் கானயிலே ப்ளாக் எடுத்து, மோன் நெட்டிலே ப்ளாக் எடுக்குந்நு." அப்பன் சாக்கடையில் அடைப்பு எடுத்தானாம், மகன் நெட்டில் எடுக்கிறானாம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. எந்தக் கருவியாவது தொடர்ந்து பத்து நிமிடம் வேலை செய்யாமல் போனால் ஒரு படிவம் நிரப்பவேண்டும். அது மேனேஜர் கையில் படாமல் நேராக டைரக்டர்களிடம் போகும். பத்துக்குக் கீழே என்றால் ஒன்றும் கிடையாது. அங்கே சிக்னல் இரண்டு நிமிடம் போகும், மூன்று நிமிடம் போகும், ஒருநாளும் பத்தைத் தொட்டதில்லை. கோளாறு உண்மை. அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். தெரியவைத்தால் பதினாறு கட்டிலுக்கும் நல்லது என்று நினைத்தேன். வராந்தாக் கடைசியில் இருக்கும் பெட்டியின் பவரைக் கொஞ்சம் குறைத்துவிட்டால், மிச்சத்தைப் பார்வையாளர் கூட்டமே செய்துவிடும். அதை லேப்டாப்பில் எங்கிருந்தும் செய்யலாம். ஒரு விரல் வேலை.

பதினாலாம் கட்டில் கடைசி அறை. சிக்னல் முதலில் போவது அங்கேதான். அங்கே உன் அப்பா ஒச்சப்பன் படுத்திருந்தது நான் தேர்ந்தெடுத்தது அல்ல. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பரோட்டாக் கல்லில் முப்பது வருஷம் நின்றவர், படுத்துக்கொண்டு பேசுவதே அவருக்குக் கூச்சம். நான் அளக்கப் போகும்போதெல்லாம், "ஏந் தம்பி, ஒட்டடை அடிக்கிறவன்கூட இப்படி மோட்டுவளையப் பாத்துக்கிட்டே நடக்கமாட்டான்" என்று கேலி செய்வார். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சொல்வது புதன்கிழமை.

நாலு நாற்பத்தைந்துக்குக் கீழே கேன்டீன் பக்கத்துப் படியில் உட்கார்ந்து பவரைக் குறைத்தேன். அடுத்த நிமிடமே பதினாலு போய்விட்டது. மஞ்சுஷா கூப்பிட்டாள். "சேட்டா, பதினாலு க்ரே ஆயி. ஞான் ஒந்நு போயி நோக்கணோ?" பதினாலு சாம்பலாகிவிட்டது, போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அதை நான் மறைக்க விரும்பவில்லை. "வேண்டா மஞ்சுஷே, நெட்டாணு. ஞான் நோக்குந்நுண்டு" என்றேன், நெட்தான், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. அவள் போகவில்லை.

நாலு நாற்பத்தொன்பதுக்கு நீ படியிறங்கி வந்தாய்.

"அண்ணே, அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குங்கிறாரு. அந்த மிஷின்ல வேற செவப்பா மினுக்குது. நர்சக்காகிட்டச் சொல்லட்டுமா?"

"நெட்டு இல்லேன்னா அப்படித்தான் மினுக்கும்மா. நர்சுக்குத் தெரியும், இப்பத்தான் பேசினேன். சூடாக் கஞ்சி வாங்கிக் குடு, சரியாயிரும்."

நீ போய் வரிசையில் நின்றாய். கஞ்சி வாங்கச் சொன்னது நான், செல்வலட்சுமி. நீ அதை மறந்துவிட்டாய், அல்லது அக்கறையில் சொன்னது என்று எடுத்துக்கொண்டாய். அக்கறை இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. நீ மேலே போய் நர்ஸைக் கூப்பிட்டிருந்தால் அது பத்தைத் தொட்டிருக்காது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று போலீஸ் கேட்பார்கள். உனக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் நடக்காத பத்து நிமிடத்தைப் பற்றிய படிவத்தை யாரும் படிக்கமாட்டார்கள் என்று தோன்றியது. நெஞ்சடைப்பு என்று நீ சொன்னது என் காதில் தெளிவாகத்தான் விழுந்தது. நீ வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றாய். பச்சைத் துப்பட்டா. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு ஐம்பத்தாறுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. சந்தேகம் வேண்டாம் என்று இன்னும் ஒரு நிமிடம் விட்டுப் பவரை ஏற்றினேன். பதினாலாம் கருவி உடனே சேர்ந்துகொண்டது, சிக்னல் நன்றாக இருந்தது. மேலே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று நானும் போனேன். நீ கஞ்சிப் பாத்திரத்தோடு எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாய்.

அன்று ஆறு மணிக்குள் மேஜையில் இருந்த காகிதத்தை உரித்து எடுத்துவிட்டேன். பசை கொஞ்சம் ஒட்டியிருந்தது, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். விசாரணையில் மஞ்சுஷா அப்படி ஒரு காகிதம் இருந்தது என்று சொன்னாள், மற்ற நர்ஸ்கள் வேலைக்குப் பயந்து ஞாபகமில்லை என்றார்கள். அவளுக்கு வேலை போயிற்று. ஆலுவாவில் ஏதோ கிளினிக்கில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. சுஜித் சாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பெட்டி கேட்டேன், தரவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் பதினொன்றும் வந்து இறங்கின. இன்றைக்கு அந்த மாடியின் வரைபடத்தைப் பார்த்தால் மூலைமுடுக்கெல்லாம் பச்சை. அங்கே படுக்கும் ஒவ்வொருவரும் உன் அப்பாவுக்குக் கடன்பட்டவர்கள் என்று பலதடவை நினைத்திருக்கிறேன். அவர் சாவு வீண்போகவில்லை. உனக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதி வரும்போது இரண்டு விஷயம் மிச்சமிருப்பது தெரிகிறது. உனக்கு ஒளிக்கக் கூடாது.

பெட்டி தரவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தது சரியில்லை. சுஜித் சார் சொன்ன அந்த ஒன்றை வாங்க உத்தரவு போட்டுவிட்டார். அது அந்தப் புதன்கிழமை மதியமே கூரியரில் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். பதினாலாம் வாசலில் மாட்ட அரை மணி நேரம் போதும். மாட்டியிருந்தால், பிளானை மூடி வைத்தவர் சொன்னதுதான் நடந்ததாக ஆகியிருக்கும். பைக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் படியில் வந்து உட்கார்ந்தேன். அப்புறம் பதினொன்று வந்தபோது இதை அவற்றோடு சேர்த்துவிட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பினேன்.

இன்னொன்று, நீ அழுததைப் பார்த்த மறுநாள் நடந்தது. என் கணக்கை நானே ஒருதடவை சரிபார்த்துக்கொள்ளவேண்டும் என்று தோன்றியது. பார்வையாளர் நேரத்தில், வராந்தாவில் முழுக் கூட்டம் இருக்கும்போது, புதுப் பெட்டிகளில் பத்தை அணைத்துவிட்டு, பழையவற்றோடு பதினாலாம் வாசலில் இருப்பதை மட்டும் விட்டேன். பதினாறு கட்டிலிலும் ஆட்கள் இருந்தார்கள். இருபது நிமிடம் லேப்டாப்போடு நடந்தேன். உன் அப்பா படுத்திருந்த இடத்தில் ஒரு அம்மா படுத்திருந்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கேயும் சாம்பல் வரவில்லை. பதினாலு முழுப் பச்சை. ஒன்று போதுமாகத்தான் இருந்தது.

ஸ்டேஷனுக்கு எழுதியதில் பவரைக் குறைத்தது இருக்கிறது, கஞ்சி இருக்கிறது, காகிதம் இருக்கிறது, உன் அப்பாவைக் கொன்றது நான்தான் என்ற வரியும் இருக்கிறது. இந்த இரண்டும் மட்டும் இல்லை. எழுத உட்கார்ந்தேன், என் பிளான் தப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மனம் வரவில்லை.