பூச்சியத்துக்குக் கீழே ஓர் எண்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அம்மையார் லியாவ் அவர்களே! கெர்னல் எனும் இயங்குதளக் கருவுக்குக் கோடு என்கிற நிரல் எழுதி எழுதியே தலை நரைத்த பெரியோர்களே! ஒரு மடியில் பிள்ளையும் மறுமடியில் கணினியுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! மதிய உணவைப் பாதியில் விட்டு முன்வரிசையைப் பிடித்த தைபேய்த் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் உழைப்பின் வணக்கம், என் பிழையின் வணக்கம்!

பிழைக்கும் வணக்கமா என்கிறீர்களா? கேளுங்கள்.

ஹுவாலியன் மலைப்பள்ளி ஒன்றுக்கு நாங்கள் நிலநடுக்க எச்சரிக்கைப் பெட்டி செய்து கொடுத்தோம். பேட்டரி நீடிக்க அது உறங்கும். ஆபத்துச் செய்தி வந்தால் விழித்து அலறும். உறங்கத் தெரிந்தது, உரிய நேரத்தில் விழிக்கத் தெரிந்ததா? ஒத்திகை நாளில் அது ஊமையாகவே கிடந்தது. ஆசிரியை பனாய் என்னைத் தொலைபேசியில் பிடித்தார்.

“சார், உங்க பெட்டி தூங்கிருச்சு. நான்தான் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிப் பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டு வந்தேன். நெசமா ஆடும்போதும் என் கையில தட்டு இருக்கணும்னு வேண்டிக்கவா?”

வெட்கத்தோடு ஆய்வகத்துக்கு ஓடினோம். ஓடி எதைப் பார்த்தோம்? நிரலையா? இல்லை ஐயா, இயந்திரம் சமத்தாக ஓடட்டும் என்று நம்மூர் வழக்கப்படி சோதனைப் பெட்டியின் மேல் வைத்திருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைப் பார்த்தோம்! காலாவதியாகி மூன்று மாதம்! வேறென்ன காரணம் வேண்டும்? புதுப் பொட்டலம் வைத்தோம். பெட்டி இருபது முறை விழித்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

பின்வரிசையில் சிரிப்பது யார்? உங்கள் சர்வர் மேலும் பச்சைப் பொட்டலம் உண்டு, எனக்குத் தெரியும்!

அடுத்த ஒத்திகையிலும் பெட்டி எழவில்லை. அப்போதுதான் என் சகா பெய்-ஹான் எழுந்தாள். பெட்டிக்குள் ஆபத்துச் செய்தியைப் பிடிக்கும் உணரியைப் பயன்படுத்தத் தொடங்குகிறவர், அதாவது அந்த நிரல்துண்டு, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவார், முடித்தவர் ஒன்றைக் கழிப்பார், எண்ணிக்கை பூச்சியமானால் உணரி உறங்கும். இதுதானே நம் ஏற்பாடு? எவரோ இருமுறை கழித்துவிட்டால் எண்ணிக்கை பூச்சியத்துக்குக் கீழே போகும். அடுத்து வருகிறவர் ஒன்றைக் கூட்டினாலும் பூச்சியம்தான். உணரி உறங்கியபடியே கிடக்கும். கீழே போன கணத்தில் கழித்தவர் பெயரைக் கெர்னல் கூவட்டும் என்றாள். ஒரேயொரு சோதனை வரி!

எதிர்த்தது யார்? நான்!

“பத்து வருஷமா ஓடுற கோடும்மா. அதுக்குப் போயி காவல் போடுறியா?”

“நல்ல கோடுன்னா காவலைப் பாத்து ஏண்ணே பயப்படணும்?” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

காவல் போட்டாள். மூன்றாம் நாள் மதியம் கெர்னல் கூவியது. எவர் பெயரை? உணரியை இயக்க நான் எழுதிய டிரைவர் நிரலின் பெயரை! உணரி பதில் தராமல் போனால் மட்டும் நடக்கிற பாதையில், நானே என் கையால், இருமுறை கழித்திருந்தேன். அவையோரே, காது சுட்டது எனக்கு.

பிழையைத் திருத்தினோம். மேலாளரோ, இனிக் காவல் எதற்கு, வாடிக்கையாளர் எச்சரிக்கை வரியைக் கண்டால் மிரள்வார், எடுத்துவிடு என்றார். எடுத்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஆனால் தட்டோடு நின்ற ஆசிரியை என் கண்முன் நின்றார். எடுக்க மாட்டேன் என்றேன். பெட்டி காவலோடுதான் போகும், இல்லையேல் என் கையெழுத்தின்றிப் போகும் என்றேன். காவலோடுதான் போனது!

தோழர்களே, பொட்டலம் இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் பொட்டலம் பேசுமா? நள்ளிரவிலும் நண்பகலிலும் நம் பிழையை நம் முகத்துக்கு நேரே சொல்லுமா? சோதனை வரி சொல்லும். உறங்கவைக்கும் ஒவ்வோர் இடத்திலும் எழுதுவோம். எழுப்பும் ஒவ்வோர் இடத்திலும் எழுதுவோம். நம் பெயரே வந்தாலும் எழுதுவோம்!

சென்ற மாதம் ஹுவாலியனில் நிலம் நிஜமாகவே ஆடியது. அன்று மாலை ஆசிரியை பனாயிடமிருந்து ஒரே வரி வந்தது.

“எல்லாரும் வெளிய வந்துட்டோம் சார். தட்டு சமையக்கட்டுலயே இருந்துச்சு.”

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், என்னை மாட்டிவிட்ட பெய்-ஹானுக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, விழித்திருக்கும் இந்த அவையை வணங்கி அமர்கிறேன்.