எதிர்க் கதவு

பதுளையிலிருந்து ஹல்துமுல்லைக்குப் போகும் பஸ். என் முன் இருக்கையில் ஒரு தாயும் கணிதம் படிக்கும் மகளும் இருந்தார்கள்.

“ஒருத்தரோட ஒருத்தர் தொடர்புள்ள ஒரு வலையமைப்புல கூட்டாளிங்க ஊஞ்சல் மாதிரி ஒரே பக்கமா ஆடுவாங்க. சண்டைக்காரங்களும் சேர்ந்துதான் ஆடுவாங்கம்மா, ஆனா எதிர்ப்பக்கமா. அதத்தான் கேம்பஸ்ல படிக்கிறோம்,” என்றாள் மகள்.

“ஒன் சின்னம்மாவும் அப்படித்தான். நான் கதவத் தொறந்தா எதிர் லயத்து வீட்டுல அவ சாத்துறா. நான் தண்ணிக்குப் போனா அவ திரும்பி வந்துர்றா. கூடப் பொறந்தவகிட்ட பேசி எத்தன வருஷமாச்சு.”

“ஒருத்தர ஒருத்தர் கவனிக்காம அப்படி ஆட முடியாதும்மா. தொடர்பே இல்லேன்னா அவங்கவங்க போக்குல போயிருவாங்க.”

தாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பெரகலையில் பஸ் நின்றபோதுதான் கேட்டாள்.

“அப்ப அவளும் என்னையப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காளா?”